இன்ஹேலரை எப்போது நிறுத்தலாம், டாக்டர்?

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் என் கிளினிக்கில் கூட்டம் ஜாஸ்தி. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடந்தவர்கள் கால்வலி என்றுதான் வருவார்கள் என நினைப்பீர்கள். அவர்களும் வருவார்கள். ஆனால், அவர்களுக்குச் சமமாக மூச்சுத் திணறல்காரர்களும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். கார்த்திகைப் பனி, லட்சக்கணக்கான பேர் நடப்பதால் கிளம்பும் புழுதி, வழிநெடுக எரியும் கற்பூரம், சாம்பிராணிப் புகை, நடுநடுவே பட்டாசு... ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய்க்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டுமா என்ன?

அப்படித்தான் ஒரு தாய், தன் 11 வயது மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பையன் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி 'கீச் கீச்' சத்தம். அந்த அம்மா கைப்பையிலிருந்து, கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்து, ஏதோ செய்யக்கூடாததைச் செய்துவிட்ட மாதிரி மேஜைமேல் வைத்தார். நீல நிற இன்ஹேலர்!

"இங்கிலீஷ் டாக்டர் கொடுத்ததுங்க. இதுகூட பழுப்பு கலர்ல இன்னொண்ணும் கொடுத்தாரு. அதை நிறுத்தி ரெண்டு மாசமாச்சு. பழக்கமாயிட்டா ஆயுசுக்கும் விட முடியாதுன்னு எங்க மாமியார் சொல்லிட்டாங்க. இதையும் நிறுத்திட்டு நீங்க ஏதாவது சூரணம் கொடுத்துடுங்க ஐயா..."

"அந்தப் பழுப்பு இன்ஹேலரை இன்னிக்கு ராத்திரியே திரும்ப ஆரம்பிச்சுடுங்கம்மா" என்றேன்.

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. பாளையங்கோட்டையில் சித்த மருத்துவம் படித்த ஒருவன் இப்படிச் சொல்லலாமா என்று வாசகர்களில் சிலருக்கும் தோன்றலாம். ஏன் சொன்னேன் என்பதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் அலர்ஜி என்றால் என்ன? நம் உடம்பில் ஒரு காவல்காரன் இருக்கிறான். நோய்க்கிருமி என்ற திருடன் வந்தால் பிடித்து வெளியே தள்ளுவது அவன் வேலை. சிலர் உடம்பில் இந்தக் காவல்காரனுக்கு ஆள் அடையாளம் குழம்பிவிடுகிறது. தினமும் வருகிற தயிர்க்காரம்மாவைத் திருடி என்று நினைத்து ஊரையே கூட்டிவிடுகிறான். தூசு, பூந்தாது, கரப்பான்பூச்சியின் கழிவு இவையெல்லாம் பாவம், தயிர்க்காரம்மா மாதிரிதான். அவற்றால் நேரடியாக ஆபத்து இல்லை. காவல்காரன் போடும் கூச்சலால்தான் அவஸ்தை.

'அலர்ஜி' என்ற சொல்லை 1906-ல் உருவாக்கியவர் வியன்னாவைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் வான் பிர்கே. அந்தக் கூச்சலைத் தொடங்கி வைப்பது ரத்தத்தில் உள்ள ஐ.ஜி.ஈ. என்ற புரதம் என்று கண்டுபிடிக்க இன்னும் 60 வருஷம் ஆனது. ஜப்பானியத் தம்பதி இஷிசாகா இருவரும் அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் என்ற இருவர் ஸ்வீடனிலும் தனித்தனியாக அதைக் கண்டுபிடித்தார்கள். இந்த ஐ.ஜி.ஈ., 'மாஸ்ட் செல்' என்ற அணுக்களின்மேல் போய் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசு வந்து பட்டதும் அந்த அணு வெடித்த மாதிரி ஹிஸ்டமின் முதலிய பொருட்களைக் கொட்டும். தோலில் கொட்டினால் தடிப்புத் தடிப்பாகக் காணாக்கடி. மூக்கில் கொட்டினால் அடுக்குத் தும்மல், பீனிசம். மூச்சுக்குழாயில் கொட்டினால் இரைப்பு. குழந்தைப் பருவத்தில் கரப்பான் வந்த பிள்ளைக்கு, பள்ளிக்கூட வயசில் மூக்கில் நீர் வடிந்து, அப்புறம் ஆஸ்துமா வருவதை நிறையப் பார்க்கிறோம். மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்.

எங்கள் சித்த நூல்களில் ஆஸ்துமாவுக்கு இரைப்பு நோய், சுவாச காசம் என்று பெயர். ஐயம், அதாவது கபம், தன் அளவில் மீறி நெஞ்சில் தங்கி, வாயுவின் வழியை அடைக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். நுண்ணோக்கி இல்லாத காலத்தில் சொன்னது. இன்றைக்கு நுரையீரல் நிபுணர் என்ன சொல்கிறார்? மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்குகிறது, கெட்டிச் சளி சுரக்கிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது என்கிறார். அடைப்பு என்ற அளவில் இரண்டு பேரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறோம்.

நீலமும் பழுப்பும்

இங்கேதான் அந்த அம்மா செய்த தவறு இருக்கிறது. நீல இன்ஹேலரில் இருப்பது பெரும்பாலும் சால்புடமால். இறுகிய தசையைச் சில நிமிடங்களில் தளர்த்திவிடும். உடனே சுகம் தெரியும். ஆனால், உள்சுவர் வீக்கத்தை அது தொடுவதே இல்லை. வீக்கத்தை வற்றவைப்பது பழுப்பு இன்ஹேலர்தான். அதில் இருப்பது புடசோனைடு, பெக்லோமெத்தசோன் மாதிரியான ஸ்டீராய்டு. அதை எடுத்த உடனே எதுவும் தெரியாது. தினம் தவறாமல் எடுத்தால் சில நாட்களில் ஆரம்பித்துச் சில வாரங்களில்தான் முழுப் பலன் தெரியும். அதனால்தான் நம் ஜனங்கள் 'கேக்கிற' நீலத்தை வைத்துக்கொண்டு, 'கேக்காத' பழுப்பை நிறுத்திவிடுகிறார்கள். கூரை ஒழுகும்போது ஓட்டை மாற்றாமல், கீழே பாத்திரம் வைத்துப் பிடித்துக்கொண்டே இருப்பது மாதிரி! (நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டப்பாவில் மருந்தின் பெயரைப் படித்துப் பாருங்கள்.)

நீலத்தை மட்டும் நம்பி இருப்பது ஆபத்து என்பது இப்போது உறுதியாகிவிட்டது. ஆஸ்துமாவுக்கு உலக அளவில் வழிகாட்டும் 'ஜினா' என்ற நிபுணர் குழு, 12 வயதுக்கு மேற்பட்ட யாருக்கும் வெறும் சால்புடமால் மட்டும் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் சொல்லிவிட்டது. வருஷத்துக்கு மூன்று டப்பாவுக்கு மேல் காலி செய்கிறவருக்கு நோய் கட்டுக்குள் இல்லை என்று அர்த்தம். மாதம் ஒரு டப்பா தீர்கிறது என்றால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. வீட்டில் எத்தனை காலி டப்பா கிடக்கிறது என்று இன்றைக்கே எண்ணிப் பாருங்கள். இப்போது வீக்கத்தை வற்றவைக்கும் மருந்தையும், சீக்கிரம் வேலை செய்யும் ஃபார்மோட்ரால் என்ற மருந்தையும் ஒரே இன்ஹேலரில் சேர்த்துத் தருகிறார்கள். பலருக்கு அந்த ஒன்றே போதுமானதாகிவிடுகிறது.

"ஸ்டீராய்டா? ஐயோ!" என்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. சால்புடமால் மாத்திரை ஒன்று 4 மில்லிகிராம், அதாவது 4,000 மைக்ரோகிராம். இன்ஹேலரில் ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! மாத்திரை வயிற்றுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, உடம்பு முழுக்கச் சுற்றிவிட்டு நுரையீரலுக்கு வருகிறது. இன்ஹேலர் நேராகப் போக வேண்டிய இடத்துக்குப் போகிறது. ஸ்டீராய்டிலும் இதே கதைதான். மைக்ரோகிராம் கணக்கில் உள்ளே போவது, ரத்தத்தில் கலப்பது கொஞ்சம். பக்கவிளைவே கிடையாது என்று நான் சொல்லமாட்டேன். தினமும் எடுக்கும் குழந்தைகள் வளர்ந்த பிறகு உயரத்தில் சுமார் 1 சென்டிமீட்டர் குறையலாம் என்று நீண்டகால ஆய்வு சொல்கிறது. வாயில் வெள்ளை படியலாம். எடுத்தபின் வாய் கொப்பளித்துத் துப்பினால் அது பெரும்பாலும் வராது. மூச்சுக்குத் தவிக்கும் பிள்ளையோடு ஒப்பிட்டால் அந்த ஒரு சென்டிமீட்டர் எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

நான் செய்த தவறு

இதை எழுத எனக்கு உரிமை வந்தது ஒரு தவறால்தான். 1990-களின் நடுவில், தொழில் ஆரம்பித்த புதிது. சுமார் 40 வயது ஆசிரியர் ஒருவர் வந்தார். இன்ஹேலர் வைத்திருந்தார். "எங்க ஆடாதோடை இருக்கும்போது உங்களுக்கு எதுக்கு சார் இந்த பொம்மை?" என்று கேட்டு, நிறுத்தச் சொல்லிவிட்டேன். குடிநீரும் சூரணமும் கொடுத்தேன். மூன்று வாரம் நன்றாக இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மார்கழியில் ஒருநாள் விடியற்காலை அவர் மனைவி வந்து கதவைத் தட்டினார். போய்ப் பார்த்தால், கட்டிலில் இரண்டு கையையும் ஊன்றி, முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பேச்சு வரவில்லை. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஆட்டோவில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆக்ஸிஜன், நெபுலைசர், ஊசி... நாலு நாள் கழித்துப் பிழைத்து வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதற்குப் பிறகு என்னிடம் வரவும் இல்லை.

இன்றுவரை யாருடைய இன்ஹேலரையும் நானாக நிறுத்தியது கிடையாது. மூன்று மாதம் நோய் நன்றாகக் கட்டுப்பட்டு இருந்தால், எழுதிக் கொடுத்த டாக்டரே படிப்படியாகக் குறைப்பார். 'எப்போது நிறுத்தலாம்?' என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: நீங்களாக ஒருபோதும் இல்லை.

மூலிகையில் விஷயம் இல்லையா?

ஏன் இல்லை? நிறைய இருக்கிறது. நீங்கள் கடையில் வாங்கும் இருமல் சிரப்பில் புரோம்ஹெக்சின் என்று போட்டிருக்கிறதா? அது நம் வேலியோரத்து ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து, ஜெர்மனியில் செயற்கையாகத் தயாரித்தது. ஆம்ப்ராக்சால் அதன் வாரிசு.

ஊமத்தை கதை இன்னும் சுவாரஸ்யம். மதராஸில் கம்பெனி ஆட்சியின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், இங்கே ஊமத்தைப் புகையை இரைப்புக்குப் பிடிப்பதைப் பார்த்து ஜெனரல் ஜென்ட் என்பவருக்குச் சொல்ல, அவர் 1802-ல் அதை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அதன்பிறகு நூறு வருஷத்துக்கு மேல் அந்த நாடுகளில் 'ஆஸ்துமா சிகரெட்' விற்பனை ஓஹோ என்று நடந்தது! ஊமத்தை விஷச் செடி. மருந்துக்கும் விஷத்துக்கும் இடைவெளி மிகக் குறைவு. யாரும் வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அதில் உள்ள அட்ரோபினிலிருந்து பிறந்ததுதான் இன்று நெபுலைசரில் ஊற்றும் இப்ராட்ரோபியம்.

எகிப்துப் பக்கத்து மூலிகை ஒன்றின் வழியில் 1965-ல் கிடைத்தது குரோமோகிளைகேட். அதைக் கண்டுபிடித்த ரோஜர் ஆல்டூன்யன் ஒரு ஆஸ்துமா நோயாளி. தன்னையே சோதனை எலியாக்கி, வேண்டுமென்றே இரைப்பை வரவழைத்துக்கொண்டு, மருந்து மருந்தாக முகர்ந்து பார்த்தவர். முன்னாள் விமானியானதால், பொடியை உறிஞ்சும் கருவியையும் விமான விசிறி மாதிரி சுழலும்படி அமைத்தார்.

ஆக, 'அவங்க மருந்து, நம்ம மருந்து' என்ற சண்டைக்கே இடமில்லை. தூதுவளை ரசம், ஆடாதோடை மணப்பாகு, தாளிசாதி சூரணம் இவற்றை நானும் கொடுக்கிறேன். சளியை இளக்கி, இருமலைக் குறைத்து, நோயாளி ராத்திரி கொஞ்சம் நிம்மதியாகத் தூங்க உதவுகின்றன. இன்ஹேலரோடு சேர்த்துத்தான். ஆனால் 'மூலிகைதானே' என்று அலட்சியம் வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆடாதோடை கூடாது, கருப்பையைச் சுருங்கவைக்கும். தியோபிலின் மாத்திரை சாப்பிடுகிறவர் திப்பிலி, மிளகு சேர்ந்த சூரணத்தை அதிகமாக எடுத்தால், மிளகின் பைபெரின் அந்த மாத்திரையின் அளவை ரத்தத்தில் கூட்டிவிடும். படபடப்பு, வாந்தி வரலாம். அதிமதுரத்தை மாதக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும். அதனால் இந்த டாக்டரிடம் அந்த மருந்தையும், அந்த டாக்டரிடம் இந்த மருந்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பற்பம், செந்தூரம் எல்லாம் பதிவு பெற்ற சித்த மருத்துவர் கையால் மட்டுமே.

எனக்குக் கோபம் வருவது வேறு ஒரு விஷயத்தில். லேபிள் இல்லாத பொட்டலத்தில் 'பரம்பரை ஆஸ்துமா பொடி' விற்கிறார்களே, அதில்! மூன்றே நாளில் இரைப்பு மாயமாய்ப் போகும். பசி எடுக்கும். கன்னம் உப்பி, முகம் பூசணிக்காயாகும். வீட்டில் 'உடம்பு தேறிடுச்சு' என்று சந்தோஷப்படுவார்கள். நான் படித்த எந்தச் சூரணமும் அப்படி வேலை செய்யாது. ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலந்தால்தான் அப்படி நடக்கும். இன்ஹேலரில் உள்ள துளியைப் பார்த்துப் பயந்தவர்கள், இங்கே அளவே தெரியாமல் அதையே கரண்டியில் சாப்பிடுகிறார்கள். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் அதைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தோடு அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வீட்டுக்குள் யார் எதிரி?

ஆஸ்துமாக்காரர் வீட்டுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது படுக்கையைத்தான். பாட்டி காலத்து இலவம்பஞ்சு மெத்தை, உறை மாற்றாத தலையணை. அதில் கண்ணுக்குத் தெரியாத தூசுப்பூச்சி லட்சக்கணக்கில் குடியிருக்கும். வாரம் ஒருமுறை உறை, போர்வையைக் கொதிக்கக் கொதிக்க இல்லாவிட்டாலும், கை பொறுக்காத சூட்டில், 55 முதல் 60 டிகிரி வெந்நீரில் ஊறவைத்துத் துவையுங்கள். உதறும்போது, ஒட்டடை அடிக்கும்போது நோயாளி வெளியே இருக்கட்டும். கொசுவத்திச் சுருளை மூடிய அறையில் ஏற்றவே ஏற்றாதீர்கள், கொசுவலை கட்டுங்கள். சாமிக்கு ஊதுபத்தி வேண்டாமா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் இதைச் சொல்லத் தைரியம் வேண்டும், ஆனாலும் சொல்கிறேன்: நெய் விளக்கு ஒன்று போதும், அருணாசலேஸ்வரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெளியே இரண்டு வில்லன்கள். ஒன்று, நம் மாவட்டத்து ஏரிக்கரை எல்லாம் மண்டிக்கிடக்கும் சீமைக் கருவேலம். அதன் பூந்தாது பலருக்கு ஆகாது. இன்னொன்று, காலி மனைகளில் வெள்ளைப் பூவோடு நிற்கும் பார்த்தீனியம். 1955 வாக்கில் புனே பக்கம் கண்டறியப்பட்டு நாடு முழுக்கப் பரவிய களை. வெறும் கையால் பிடுங்கினால் தோலில் அரிப்பும் கொப்புளமும் வரும். ஆரணி பக்கம் ரைஸ் மில் ஓரம் குடியிருப்பவர்களுக்கு உமித்தூசும் சேர்ந்துகொள்ளும்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் தாய்மார்கள் தேவைக்கு மேல் கெடுபிடி. தயிர் நிறுத்து, வாழைப்பழம் நிறுத்து, முட்டை நிறுத்து என்று பிள்ளை இளைத்துக்கொண்டே போகும். குறிப்பிட்ட உணவைச் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்துக்குள், ஒவ்வொரு முறையும் தடிப்போ வாந்தியோ இரைப்போ வந்தால் மட்டுமே சந்தேகப்படுங்கள். நூறு பொருளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை என்று ஐ.ஜி.ஜி. அளவைப் பார்த்துப் பட்டியல் கொடுப்பதை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். அது சாப்பிட்டதைக் காட்டுமே தவிர, அலர்ஜியைக் காட்டாது. பத்தியம் என்பது எங்கள் வைத்தியத்தின் பெருமை. அதற்காக, காரணம் இல்லாத பத்தியத்தை நான் ஆதரிக்கமாட்டேன்.

எங்கள் பக்கத்து மல்லாட்டையை, அதான் வேர்க்கடலையை, வைத்தே ஒரு பெரிய உண்மை 2015-ல் வெளிவந்தது. லண்டனில், கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு முதல் வயதிலேயே வேர்க்கடலை உணவைக் கொடுத்து வந்தார்கள். மற்றவர்களுக்கு ஐந்து வயதுவரை கொடுக்கவே இல்லை. சாப்பிட்டு வளர்ந்தவர்களிடம்தான் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவாக இருந்தது! ஒதுக்கி வைப்பதே பாதுகாப்பு என்ற பழைய எண்ணம் தலைகீழாகிவிட்டது. (முழுக் கடலை குழந்தையின் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும், மசித்த விழுதுதான். கரப்பான் கடுமையாக உள்ள குழந்தைக்கு டாக்டரைக் கேட்ட பிறகே.)

எதனால் அலர்ஜி என்று தெரிய, முன்கையில் சொட்டுச் சொட்டாக வைத்து லேசாகக் குத்திப் பார்க்கும் சோதனை உண்டு. 15, 20 நிமிடத்தில் கொசு கடித்த மாதிரி தடிப்பு எழும்பினால் அந்தப் பொருள்மேல் சந்தேகம். நோயாளி சொல்லும் கதையோடு அது பொருந்த வேண்டும். தடிப்பு மட்டும் போதாது. ஆகாத பொருளையே துளித்துளியாகக் கொடுத்து உடம்பைப் பழக்கும் சிகிச்சையை 1911-லேயே லண்டனில் லெனர்ட் நூன் ஆரம்பித்தார். ஊசியாகவோ, நாக்கின் அடியில் சொட்டாகவோ மூன்று முதல் ஐந்து வருஷம் எடுக்க வேண்டும். இரைப்பு கட்டுப்படாத நிலையில் ஆரம்பிக்கக் கூடாது. ஊசி போட்டபின் அரை மணி நேரமாவது ஆஸ்பத்திரியிலேயே உட்கார வேண்டும். ஐ.ஜி.ஈ.-யையே பிடித்துக் கட்டும் ஒமாலிசுமாப் என்ற ஊசி 2003-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதன்பின் அதேபோல் சில ஊசிகள் வந்திருக்கின்றன. விலை அதிகம். மற்ற எதற்கும் அடங்காத கடுமையான ஆஸ்துமாவுக்குத்தான் அவை.

எப்போது வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு ஓட வேண்டும்? ஒரு வாக்கியத்தை முழுசாகச் சொல்ல முடியாமல் வார்த்தை வார்த்தையாகப் பேசினால். விலா எலும்புக்கு இடையில் குழி விழுந்தால். உதடு, நகம் நீலமானால். நீல இன்ஹேலர் கேட்காமல் போனால். உடனே 108. படுக்கவைக்காதீர்கள், உட்காரவையுங்கள். வண்டி வரும்வரை, நீல இன்ஹேலரை ஒவ்வொரு அழுத்தாக நாலு முறை, ஸ்பேசர் குழாய் வழியாகக் கொடுங்கள். ஸ்பேசர் இல்லையா? அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலின் அடியில் இன்ஹேலர் வாய் இறுக்கமாக நுழையும் அளவு ஓட்டை போட்டு, பாட்டில் வாய் வழியாக மூச்சை இழுக்கவைக்கலாம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்து, கடை ஸ்பேசருக்குச் சமமாக வேலை செய்கிறது என்று 1999-ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

அந்தப் பையன் ஒரு மாதம் கழித்து வந்தான். நெஞ்சில் சத்தம் இல்லை. "எப்படி எடுக்கிறே, காட்டு பார்க்கலாம்" என்றேன். டப்பாவைக் குலுக்காமல், மூச்சை வெளியே விடாமல், 'புஸ்' என்று நாக்கின்மேலேயே அடித்துக்கொண்டான். அம்மாவுக்குச் சிரிப்பு. நன்றாகக் குலுக்கு, மூச்சை முழுக்க வெளியே விடு, உதட்டால் இறுக்கிப் பிடி, மெதுவாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்து, பத்து எண்ணும்வரை அடக்கு, ஒரு நிமிஷம் விட்டு அடுத்தது என்று மறுபடி சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது முறை சரியாகச் செய்தான்.

"அடுத்த தீபத்துக்கு மலை சுத்தலாமா டாக்டர்?" என்றான்.

"சுத்தலாம். பகல்லயே கிளம்பிடு. நீலம் சட்டைப் பையிலே இருக்கட்டும். கைக்குட்டையில சுத்தி ஒளிச்சு வைக்காதே."